மலச்சிக்கலுக்கு மருந்து: ஆளறிந்து, அளவறிந்து

வவுனியாவுக்கு மேற்கே உள்ள மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில், விதைநெல் பங்கீடு பற்றிய கூட்டம் முடிந்து நாம் புறப்படும் வேளையில், தாய் ஒருவர் பால்மாப் பேணி ஒன்றைக் கொண்டுவந்து எம்முன் வைத்தார். திறந்து பார்த்தோம். பேணியின் பாதிவரை குளிசைகள். சில, மூலை வெட்டப்பட்ட தகட்டுத் துண்டுகளில் இருந்தன. சில, எழுத்து அழிந்துபோன கடதாசி உறைகளில் இருந்தன. மிகுதி உறையுமின்றிப் பெயருமின்றி அடியில் கிடந்தன.

"சுவாமி, இதுக்குள்ளை வெளிக்குப் போற குளிசை எது எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஒண்டு குடுக்கவேணும்" என்றார் அந்தத் தாய்.

எம்மால் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் நடமாடும் வைத்திய சேவைக்கு வந்த வைத்தியரிடம் அந்தத் தாயையும் பேணியையும் அழைத்துச் சென்றோம். வைத்தியர் குளிசைகளை மேசையில் கொட்டி, தெரிந்தவற்றை மூன்று குவியல்களாகப் பிரித்தார். முதலாவது, இரத்தம் குறைவு என்று கொடுக்கப்பட்ட இரும்புச்சத்துக் குளிசை. இரண்டாவது, பழைய ஷெல் காயத்தின் நோவுக்குக் கொடுக்கப்பட்ட ட்ரமடோல். மூன்றாவது, மலமிளக்கியான பைசாக்கோடைல். மீதியாகக் கிடந்தவை எவை என்று அவராலும் சொல்ல இயலவில்லை.

"அம்மா, முதல் இரண்டும் வயிற்றைக் கட்டும். மூன்றாவது இளக்கும். கட்டுகிற மருந்தையும் இளக்குகிற மருந்தையும் நீங்கள் ஒன்றாக விழுங்கி வந்திருக்கிறீர்கள். கட்டுகிற மருந்து எது என்று எவரும் உங்களுக்குச் சொல்லவில்லை" என்றார் வைத்தியர்.

அந்தத் தாய் தலைகுனிந்து நின்றார். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு முந்திய கிழமையே ஒரு குளிசை கொடுபட்டுவிட்டது என்பதைப் பிறகுதான் சொன்னார். மூன்று வயதுப் பிள்ளை. குளிசையை இடித்துச் சீனியில் கலந்து கொடுத்திருக்கிறார்கள். இரவு முழுவதும் வயிற்றுவலியால் துடித்த பிள்ளை, அன்றிலிருந்து கக்கூசைக் கண்டாலே அழுகிறது என்றார்.

இந்தக் கட்டுரையை நாம் எழுதுவதற்குக் காரணம் அந்தப் பேணிதான். அதுபோன்ற ஒரு பேணி எமது வீடுகள் பலவற்றிலும் இருக்கின்றது. நாம் வைத்தியர்கள் அல்லர். வைத்தியர்களிடமும் மருந்தாளரிடமும் கேட்டறிந்து, மருத்துவ உலகு இன்று ஏற்றுக்கொண்டுள்ளவற்றை மட்டுமே இங்கு தருகின்றோம்.

பேசக் கூச்சப்படும் நோய்

காய்ச்சல் என்றால் அயலுக்குச் சொல்வோம். பாம்பு கடித்தால் ஊரையே கூட்டுவோம். மலச்சிக்கலை மட்டும் எவருக்கும் சொல்வதில்லை. ஆனால் இடம்பெயர்ந்த மக்களிடையே இந்த நோய் ஏன் கூடுதலாக உண்டாகிறது என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து மூட்டை முடிச்சுடன் புறப்பட்டவர்களும், 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இருந்தவர்களும் இதை அனுபவத்தில் அறிவார்கள். மெனிக் பாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. ஆனால் அங்கு பழகிய பழக்கங்கள் பலருடைய உடம்பில் இன்னும் மூடப்படவில்லை. மலசலகூடத்துக்கு நீண்ட வரிசை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இரவில் வெளிச்சம் இல்லை. பெண்கள் பகல் முழுவதும் அடக்கிக்கொண்டு இருட்டும் வரை காத்திருந்தார்கள். அடிக்கடி போகவேண்டி வரும் என்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்தார்கள். நிவாரணமாகக் கிடைத்தது அரிசி, மா, பருப்பு, சீனி. கீரையும் பழமும் அருமையாகவே கிடைத்தன. வயலிலும் தோட்டத்திலும் நாள் முழுவதும் குனிந்து நிமிர்ந்த உடம்பு, கூடாரத்துக்குள் முடங்கிக் கிடந்தது.

அடக்குதல், தண்ணீர்க் குறைவு, நார்ச்சத்துக் குறைவு, அசைவின்மை ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்தால் மலம் இறுகாமல் என்ன செய்யும்? எனவே இது வெட்கப்படவேண்டிய ஒன்றல்ல. வாழ்ந்த நிலைமையில் இருந்து வந்த நோய்.

எது மலச்சிக்கல்?

நாள்தோறும் காலையில் வெளிக்குப் போகாவிட்டால் அது நோய் என்று எம்மில் பலர் எண்ணுகின்றோம். அது சரியன்று. ஒரு நாளில் மூன்று தடவை போகிறவரும் உண்டு. வாரத்துக்கு மூன்று தடவை மட்டும் போகிறவரும் உண்டு. மலம் இலகுவாகவும் மிருதுவாகவும் வெளியேறுமானால் இரண்டும் இயல்பானவையே. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சில நாட்கள் போகாமலிருந்தாலும், பால் நன்றாகக் குடித்து, போகும்போது மலம் இளக்கமாக இருந்தால் பயப்படவேண்டியதில்லை.

வாரத்துக்கு மூன்று தடவைக்கும் குறைவாகப் போதல், ஆட்டுப் புழுக்கை போல இறுகிப் போதல், முக்கி முக்கிப் போதல், போன பின்பும் மிச்சம் இருப்பதாகத் தோன்றுதல் ஆகியவையே மலச்சிக்கலின் அடையாளங்கள். இவை ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட மலச்சிக்கல் என்கிறார்கள்.

உடம்பினுள் நடப்பது இதுதான். உண்ட உணவின் மிச்சம் பெருங்குடலுக்கு வரும்போது கூழாகவே வருகின்றது. பெருங்குடல் அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சுகின்றது. எவ்வளவு நேரம் அங்கு தங்குகிறதோ அவ்வளவுக்குத் தண்ணீர் வற்றி இறுகும். வாய்க்காலில் மறித்த சேறு வெயிலில் காய்ந்து கட்டியாவது போலத்தான் இதுவும்.

முதலில் காரணத்தைத் தேடுவோம்

மருந்து கேட்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி, "எனக்கு இது ஏன் வந்தது?" என்பதாகும். வேறொரு நோய்க்கு எடுக்கும் மருந்தே சிலவேளை காரணமாக இருக்கலாம். வயிற்றைக் கட்டக்கூடிய மருந்துகள் சில வருமாறு:

- கர்ப்பிணித் தாய்மாருக்கும் இரத்தச்சோகை உள்ளவர்களுக்கும் தரும் இரும்புச்சத்துக் குளிசை. கல்சியக் குளிசையும் அவ்வாறே.
- ட்ரமடோல், கோடீன், மோர்பின் போன்ற வலுவான நோவு மருந்துகள்.
- நித்திரைக்கும் மனச்சோர்வுக்கும் தரும் அமிற்றிப்டிலின். மனநோய்க்குத் தரும் வேறு சில மருந்துகள்.
- இரத்த அழுத்தத்துக்குத் தரும் வெரபமில்.
- அலுமினியம் கலந்த அமில எரிவு மருந்துகள்.
- தடிமனுக்கும் ஒவ்வாமைக்கும் தரும் சில குளிசைகள்.

இதை வாசித்துவிட்டு இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரும்புச்சத்து இல்லாமல் பிரசவத்துக்குப் போவதும், மனநோய்க்கான மருந்தைத் திடீரென்று விடுவதும் மலச்சிக்கலைவிடப் பல மடங்கு ஆபத்தானவை. செய்யவேண்டியது ஒன்றுதான். அடுத்த கிளினிக்கில், "இந்தக் குளிசை தொடங்கிய பிறகு எனக்கு வயிறு கட்டுகிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வைத்தியர் மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், அல்லது கூடவே மலமிளக்கி ஒன்றைத் தரலாம். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது அவரிடமும் சொல்லலாம்.

குளோசபின் என்னும் மனநோய் மருந்தை எடுப்பவர்கள் இதில் மிகுந்த கவனமாக இருக்கவேண்டும். அந்த மருந்தினால் உண்டாகும் மலச்சிக்கல் குடலையே செயலிழக்கச் செய்து உயிருக்கு ஆபத்தாக முடிந்ததுண்டு. அவர்கள் இரண்டு மூன்று நாட்கள் வெளிக்குப் போகாவிட்டால் வீட்டார் தாமதியாமல் வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும்.

சலரோகம், தைரொயிட் சுரப்புக் குறைவு, பாக்கின்சன் நோய், குடலில் வளரும் கட்டி என்பனவும் மலச்சிக்கலை உண்டாக்கும். இவற்றுக்கு மலமிளக்கி மட்டும் மருந்தாகாது.

மருந்துகள் நான்கு வகை

மலமிளக்கி எல்லாம் ஒன்றே என்று எண்ணுவதுதான் பெரும் பிழை. கலப்பைக்கும் மண்வெட்டிக்கும் வேலை வேறு என்பது கமக்காரருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மருந்திலும் அப்படித்தான்.

முதலாவது, பருமனைக் கூட்டும் மருந்து. இசப்கோல் உமி இவ்வகையைச் சேர்ந்தது. இது தண்ணீரை உறிஞ்சி ஊதி, மலத்துக்குப் பருமனையும் மிருதுவையும் கொடுக்கின்றது. பலன் தெரிய இரண்டு மூன்று நாட்கள் செல்லும். பெரிய குவளை நிறையத் தண்ணீருடன் உடனே குடித்துவிடவேண்டும். தண்ணீர் போதாவிட்டால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். படுக்கைக்குப் போகும் நேரத்தில் குடிக்கக்கூடாது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கும், ஏற்கெனவே மலம் இறுகி அடைத்திருப்பவருக்கும் இது பொருந்தாது.

இரண்டாவது, குடலுக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும் மருந்து. லக்டுலோஸ் என்னும் இனிப்பான பாணி மருந்தும், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மக்ரகோல் தூளும் இவ்வகை. வளர்ந்தவர்களுக்கு லக்டுலோஸ் வழக்கமாக 15 மில்லிலீற்றர் வீதம் நாளுக்கு இரண்டு தடவை தொடங்கப்பட்டு, பின்னர் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கப்படுகின்றது. இது வேலைசெய்ய இரண்டு நாட்கள் வரை எடுக்கும். முதல் நாள் பலனில்லை என்று இரட்டிப்பாகக் குடித்துவிட்டு, மூன்றாம் நாள் வயிற்றோட்டத்தில் அவதிப்பட்டவர்களை நாம் கண்டிருக்கின்றோம். தொடக்கத்தில் வயிறு ஊதி வாயு பறியும். சில நாட்களில் அது தணிந்துவிடும். மக்னீசியம் கலந்த வெள்ளைப் பால் போன்ற மருந்தும் இந்த வகைதான். ஆனால் சிறுநீரக நோயாளருக்கு அது ஆகாது. அதைப் பின்னர் விளக்குகின்றோம்.

மூன்றாவது, குடலைத் தூண்டும் மருந்து. பைசாக்கோடைலும் சென்னாவும் இவ்வகை. நாட்டு வைத்தியத்தில் நிலவாகை என்று சொல்லப்படுவது சென்னாவே. பைசாக்கோடைல் 5 மில்லிகிராம் குளிசையாக வருகின்றது. வளர்ந்தவர்களுக்கு ஒன்று அல்லது இரண்டு குளிசைகள் இரவில் எழுதப்படும். 6 தொடக்கம் 12 மணித்தியாலத்தில் வேலை செய்யும். இதை முழுதாக விழுங்கவேண்டும். இடிக்கவோ கடிக்கவோ கூடாது. பாலுடனோ அமில எரிவு மருந்துடனோ சேர்த்து எடுக்கவும் கூடாது. இக்குளிசையின் மேற்பூச்சு, இரைப்பையில் கரையாமல் குடலில் கரைவதற்காக இடப்பட்டது. அது உடைந்தால் மருந்து இரைப்பையிலேயே கரைந்து வலியையும் வாந்தியையும் உண்டாக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நடந்தது இதுவே.

நான்காவது, மலவாசலில் வைக்கும் மருந்து. கிளிசரின் வில்லையும் பைசாக்கோடைல் வில்லையும் ஒரு மணித்தியாலத்துக்குள் பலன் தரும். எனிமா என்பதும் இதிலடங்கும். பொஸ்பேற் எனிமாவை வைத்தியசாலையில் மட்டுமே கொடுக்கவேண்டும். சிறு குழந்தைகளுக்கும், முதியவர்களுக்கும், சிறுநீரக நோயாளருக்கும் அது இரத்தத்திலுள்ள உப்புக்களின் அளவைக் குழப்பி உயிராபத்தை விளைவிக்கலாம்.

இவற்றால் பலன் காணாதவர்களுக்கென்று புருகலோபிரைட், லினக்லோரைட் போன்ற புதிய மருந்துகளும் இப்போது உள்ளன. அவை விசேட வைத்தியரின் துண்டுக்கு மட்டும் எடுக்கவேண்டியவை.

பேதி குடிக்கும் வழக்கம்

எமது பெற்றோர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேதி குடித்தார்கள். எமக்கும் விடுமுறை நாட்களில் ஆமணக்கெண்ணெய் பருக்கினார்கள். வயிறு கழுவினால் உடம்பு சுத்தமாகும் என்பது அக்கால நம்பிக்கை. குடல் தன்னைத்தானே சுத்திகரிக்கும் உறுப்பு. அதைக் காலத்துக்குக் காலம் கழுவவேண்டிய தேவை இல்லை.

ஆமணக்கெண்ணெய் கடுமையாகக் குடலைத் தூண்டும். கர்ப்பிணித் தாய்மார் குடித்தால் கருப்பை சுருங்கி நோவு காணக்கூடும். ஆகவே அவர்கள் அதைத் தொடக்கூடாது. திரவப் பரபின் எண்ணெயைக் குழந்தைகளுக்கும், படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்கும் பருக்குவதும் ஆபத்து. புரையேறி நுரையீரலுக்குள் போனால் நியுமோனியா உண்டாகும். குழந்தையின் மலவாசலில் சவர்க்காரத் துண்டு வைப்பதும் புண்ணையே உண்டாக்கும்.

பேதி மருந்தை அளவுக்கு மீறி எடுத்தால் தண்ணீர் மட்டும் வெளியேறுவதில்லை. பொட்டாசியம் என்னும் உப்பும் சேர்ந்து வெளியேறுகின்றது. அது குறைந்தால் கைகால் சோரும், இதயத்துடிப்பும் தடுமாறும். வீக்கத்துக்கோ இதய நோய்க்கோ சலம் போகும் குளிசை எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து இரு மடங்காகும்.

அதேவேளை இன்னொரு பயத்தையும் நீக்கவேண்டும். "மலமிளக்கியைத் தொடங்கினால் குடல் பழகிப்போகும், ஆயுள் முழுக்க விடமுடியாது" என்று பலர் அஞ்சி, வைத்தியர் எழுதிய மருந்தையே எடுப்பதில்லை. வைத்தியரின் மேற்பார்வையில், அவர் சொன்ன அளவில் எடுப்பதால் குடல் பழுதாகிவிடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சிலர் மாதக்கணக்கில் எடுக்கவேண்டியும் இருக்கும். தானாக எடுத்து, தானாகக் கூட்டி, எவருக்கும் சொல்லாமல் இருப்பதிலேதான் ஆபத்து உண்டு.

விசேட கவனம் வேண்டியவர்கள்

சிறுபிள்ளைகள்: ஒருமுறை நோவுடன் போன பிள்ளை, அடுத்த முறை பயத்தில் அடக்கும். அடக்க அடக்க மலம் இறுகும். பிறகு, இறுகிய மலத்தின் ஓரமாக நீர் கசிந்து உடுப்பை அழுக்காக்கும். இதை வயிற்றோட்டம் என்று எண்ணி மருந்து கொடுக்கிறார்கள். அல்லது வேண்டுமென்று செய்வதாக எண்ணி அடிக்கிறார்கள். இரண்டும் தவறு. பிள்ளையால் அதை அடக்க முடியாது. அடியினால் பயம் கூடுமே தவிர நோய் மாறாது. வைத்தியர் பிள்ளையின் வயதையும் நிறையையும் பார்த்து லக்டுலோஸ் அல்லது மக்ரகோல் எழுதுவார். இறுகியது வெளியேறிய பின்பும் மருந்தைச் சில மாதங்கள் தொடரவேண்டி வரும். விரிந்துபோன குடல் பழைய நிலைக்கு வர அவ்வளவு காலம் தேவை.

சிறுநீரக நோயாளர்: வடமத்திய மாகாணத்தில் 1990களில் வெளிச்சத்துக்கு வந்த, காரணம் உறுதியாகக் கண்டறியப்படாத சிறுநீரக நோய், வவுனியா மாவட்டக் கமக்காரரையும் பற்றியிருப்பது எமது வாசகர்கள் அறிந்ததே. பழுதான சிறுநீரகத்தால் மக்னீசியத்தையும் பொஸ்பேற்றையும் வெளியேற்ற முடியாது. ஆகவே அவை கலந்த மலமிளக்கியும் எனிமாவும் அவர்களுக்கு நஞ்சு. "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்ற பொதுவான ஆலோசனையும் அவர்களுக்கும் இதய நோயாளருக்கும் பொருந்தாது. வைத்தியர் அளந்து சொன்ன தண்ணீர் அளவையே கடைப்பிடிக்கவேண்டும். எங்கு மருந்து வாங்கினாலும், "எனக்குச் சிறுநீரகத்தில் நோய் உண்டு" என்பதை முதலில் சொல்லவேண்டும்.

முள்ளந்தண்டில் காயமுற்றவர்கள்: போரில் காயமுற்று இடுப்புக்குக் கீழ் உணர்வற்றுப்போன சகோதரர்கள் பலர் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு மலமிளக்கியும் வில்லையும் அன்றாட வாழ்வின் பகுதி. குறித்த நாளில், குறித்த நேரத்தில், சொல்லித்தந்த முறைப்படி செய்துவரவேண்டும். காயம் நெஞ்சின் மேற்பகுதி மட்டத்திலோ கழுத்திலோ இருந்தால், மலம் தேங்குவது திடீரென்று தலை பிளக்கும் வலியையும், வியர்வையையும், கடுமையான இரத்த அழுத்த ஏற்றத்தையும் உண்டாக்கலாம். அவ்வேளை அவரைப் படுக்கவிடாமல் நிமிர்த்தி இருத்தி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும்: முதலில் உணவும் தண்ணீரும். போதாவிட்டால் கிளினிக்கில் கேட்டு மருந்து. கடையில் கேட்டு அல்ல.

துண்டும் உறையும் பேணியும்

வைத்தியர் துண்டு எழுதுகின்றார். மருந்தாளர் எண்ணிக் கொடுக்கின்றார். வீட்டுக்கு வந்ததும் உறை கிழிந்து, குளிசை பேணிக்குள் விழுகின்றது. அந்த நிமிடத்தோடு மருந்து தன் பெயரையும், அளவையும், காலாவதித் திகதியையும் இழந்துவிடுகின்றது. அதனால் சில ஒழுங்குகளைக் கைக்கொள்வோம்.

மருந்தின் பொதுப்பெயரை அறிந்துகொள்ளுங்கள். ஒரே மருந்து பல கம்பனிப் பெயர்களில் விற்கப்படுகின்றது. டல்கோலக்ஸ் என்ற பெயரில் வருவதும் பைசாக்கோடைல்தான். இது தெரியாவிட்டால், இரண்டு வெவ்வேறு மருந்து என்று எண்ணி ஒரே மருந்தை இரட்டிப்பாக விழுங்க நேரும். மருந்தைப் பொதுப்பெயரால் அழைக்கவேண்டும், ஏழைக்கும் அது நியாய விலையில் கிடைக்கவேண்டும் என்று எமது நாட்டில் பாடுபட்டவர் பேராசிரியர் செனக்க பிபிலே. 1971இல் தொடங்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவருடைய முயற்சியின் பலன். 2022இல் பொருளாதார நெருக்கடியால் வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டு, எமது மக்கள் துண்டுடன் கடை கடையாக அலைந்தபோது, பொதுப்பெயரை அறிந்து வைத்திருந்தவர்களால் "இந்தக் கம்பனி இல்லாவிட்டால் வேறு கம்பனியினது தாருங்கள்" என்று கேட்க முடிந்தது.

மருந்து தருபவரிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள். இதன் பெயர் என்ன? எத்தனை, எந்நேரம்? சாப்பாட்டுக்கு முன்னா பின்னா? எத்தனை நாள்? எனது மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா? கேட்பது மரியாதைக் குறைவன்று. அது உங்கள் உரிமை. வாசிக்கத் தெரியாதவர்கள் பாடசாலை செல்லும் பிள்ளையைக் கூட்டிச்சென்று உறையில் எழுதுவிக்கலாம்.

குளிசையை அதன் உறையிலேயே, வெயிலும் ஈரமும் படாத, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். உங்களுக்கு எழுதிய மருந்தை அயலவருக்குக் கொடுக்காதீர்கள். அரிசியும் தேங்காயும் கைமாற்றுக் கொடுப்பது எமது பண்பு. இடம்பெயர்ந்த காலத்தில் எம்மை உயிரோடு காத்ததும் அதுவே. ஆனால் மருந்தை மட்டும் கைமாற்றுக் கொடுக்கலாகாது. அது ஆளறிந்து, அளவறிந்து கொடுக்கப்பட்டது.

உடனே வைத்தியரை நாடவேண்டிய அடையாளங்கள்

பின்வருவன இருந்தால் மலமிளக்கி தேடி நாள் கடத்தவேண்டாம்:

- மலத்தோடு இரத்தம் போதல். மூலம் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள்.
- தார் போலக் கறுத்த மலம். இரும்புச்சத்துக் குளிசையாலும் மலம் கறுக்கும். ஆனால் அது எடுக்காதவருக்குக் கறுத்தால் உட்புற இரத்தக் கசிவாக இருக்கலாம்.
- காரணமின்றி உடம்பு மெலிதல், இரத்தச்சோகை.
- 50 வயதுக்குப் பின் புதிதாகப் பழக்கம் மாறுதல்.
- வயிறு ஊதி, கடும் வலியோடு வாந்தி வந்து, வாயுவும் பறியாதிருத்தல். இது குடல் அடைப்பாக இருக்கலாம். இந்நிலையில் பேதி மருந்து கொடுப்பது கொலைக்கு ஒப்பானது.
- கால்கள் மரத்து, சலமும் மலமும் கட்டுப்பாடின்றிப் போதல்.
- பிறந்த குழந்தை 48 மணித்தியாலத்துக்குள் முதல் மலம் கழிக்காதிருத்தல்.

அவசர வேளையில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

மருந்தோடு கூட வரவேண்டியவை

மருந்து ஊன்றுகோல். நடக்கவேண்டியது காலே. தவிடு நீக்காத சிவப்பரிசி, குரக்கன், பயறு, கௌபி, முருங்கையிலை, பொன்னாங்காணி, பப்பாசிப்பழம், ஒடியல் என்பன நார்ச்சத்து நிறைந்தவை. பெரும்பாலும் எமது மண்ணிலேயே விளைபவை. சிறுகச் சிறுகக் கூட்டுங்கள். ஒரே நாளில் கூட்டினால் வயிறு ஊதும். கிணற்றடியில் நான்கு முருங்கைத் தடிகளை நட்டுவிட்டால் அது ஆண்டு முழுவதும் தரும் மருந்து.

காலையில் உணவு உண்டதும் குடல் தானே அசைகின்றது. அந்த நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கொமட்டில் இருப்பவர்கள் காலின் கீழ் சிறு பலகை ஒன்றை வைத்து முழங்காலை உயர்த்தினால் இலகுவாகப் போகும். உந்துதல் வந்தால் அடக்கவேண்டாம்.

ஆனால் அடக்காமலிருக்க இடம் வேண்டுமே! இடம்பெயர்ந்தோர் முகாம்களில் 20 பேருக்கு ஒரு மலசலகூடமாவது இருக்கவேண்டும், பெண்களுக்கு வேறாகவும் உள்தாழ்ப்பாளோடும் வெளிச்சத்தோடும் இருக்கவேண்டும் என்று மனிதாபிமான உதவிக்கான ஸ்பியர் நியமங்கள் கூறுகின்றன. முகாமில் என்றாலும் மீள்குடியேறிய காணியில் என்றாலும், மலசலகூடத்துக்கு ஒரு கதவும் தாழ்ப்பாளும் கேட்பது ஆடம்பரக் கோரிக்கையன்று. கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் குளமும் வீதியும் பேசப்படுவது போல இதுவும் பேசப்படவேண்டும். பெண்கள் பேசத் தயங்கினால் ஆண்கள் பேசவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் கேட்கவேண்டும்.

மலம் ஒழுங்காகி, சில வாரங்கள் சீராகப் போன பிறகு, வைத்தியரைக் கேட்டு மருந்தைப் படிப்படியாகக் குறைக்கலாம். திடீரென்று நிறுத்தினால் பழைய நிலை திரும்பும்.

பேணியின் கதைக்கு வருவோம். அந்தத் தாயின் ட்ரமடோலை வைத்தியர் படிப்படியாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றினார். இரும்புச்சத்துக் குளிசை தொடர்ந்தது, கூடவே லக்டுலோஸ் பாணியும் கொடுக்கப்பட்டது. பெயரில்லாக் குளிசைகளை வைத்தியரே வாங்கிக்கொண்டு போனார். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிச்சென்றதும் அந்தத் தாய்தான். மாதக்கணக்கில் மருந்து கொடுத்த பிறகே பிள்ளையின் பயம் தெளிந்தது.

மறுபோகம் நாம் அங்கு சென்றபோது பால்மாப் பேணியில் பயிற்றை விதை இருந்தது. மருந்து உறைகள் வளையில் தொங்கிய பையில் இருந்தன. ஒவ்வொன்றிலும் பெயரும் நேரமும் மகளின் கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தன. உங்கள் வீட்டுப் பேணியை இன்றிரவே திறந்து பாருங்கள். பெயர் தெரியாதவற்றை அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.